ஏ. லலிதா: இந்தியாவின் முதல் பெண் பொறியாளரும் அவர் திறந்த பாதையும்

அய்யலசோமயாஜுல லலிதா (27 ஆகஸ்ட் 1919 – 12 அக்டோபர் 1979) இந்தியாவின் முதல் பெண் பொறியாளராகக் கருதப்படுபவர். சென்னையில் பிறந்த இவர், கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பயின்று 1943-இல் தேர்ச்சி பெற்றார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் நின்ற நிலையில் இப்படிப்பைத் தேர்ந்தெடுத்தார். பின்னர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மின்துறையில் பணியாற்றினார். இக்கட்டுரை அவருடைய வாழ்வையும் பணியையும் விளக்குகிறது. அத்துடன், அவருக்குக் குடும்பத்தின் வழியாகக் கிடைத்த துணைகள், இன்று இராமநாதபுரம் – இராமேசுவரம் கடற்கரை போன்ற பகுதியில் பிறக்கும் ஒரு மாணவிக்கு எவ்வழியில் கிடைக்கின்றன என்பதையும் கூறுகிறது.

குடும்பமும் இளமையும்

லலிதா தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பத்தில், ஏழு பிள்ளைகளுள் ஐந்தாவதாகப் பிறந்தார். தந்தை பப்பு சுப்பா ராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். அக்குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் பொறியியல் வரை படித்தனர்; பெண்பிள்ளைகளுக்கு அடிப்படைக் கல்வியோடு நின்றது. அக்காலச் சென்னையின் படித்த குடும்பங்கள் பலவற்றிலும் இதுவே வழக்கம்.

லலிதாவுக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. பள்ளியிறுதி வகுப்பு வரையாவது அவர் படிக்கவேண்டும் என்பதில் தந்தை உறுதியாக இருந்தார். 1937-இல் மகள் சியாமளா பிறந்தார். குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துவிட்டார்.

இளம் விதவைகளின் நிலை அன்று மிகக் கடுமையாக இருந்தது. தலையை மழித்தல், வெள்ளைச் சேலை, ஒருவேளை உணவு, வீட்டின் பின்கட்டில் ஒதுங்கிய வாழ்க்கை ஆகியவை உயர்சாதிக் குடும்பங்களில் வழக்கத்தில் இருந்தன. இதற்கு மாற்றாகச் சென்னையில் சில வழிகளும் உருவாகியிருந்தன. தாமே குழந்தை விதவையான சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளுக்கென 1912-இல் ஓர் இல்லம் தொடங்கி அவர்களை ஆசிரியைகளாக ஆக்கிவந்தார். 1914-இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரி பெண்களுக்குக் கல்லூரிக் கல்வி அளித்தது. லலிதா பிறந்த வீட்டிற்குத் திரும்பிவந்து, அதே இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

மருத்துவமா, பொறியியலா?

தொழிற்கல்வி பெற விரும்பிய பெண்ணுக்கு அன்று இயல்பாகத் தோன்றிய வழி மருத்துவம். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்களைச் சேர்த்துக்கொண்டது. 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி அங்கு மருத்துவப் பட்டம் பெற்றார். பெண் நோயாளிகள் ஆண் மருத்துவர்களிடம் செல்லத் தயங்கியதால், பெண் மருத்துவர்கள் தேவை என்பதைச் சமூகமே ஏற்றுக்கொண்டது. பொறியியலுக்கு அத்தகைய காரணம் எதுவும் இல்லை. பாலம், சாலை, மின்நிலையம் ஆகியவற்றுக்குப் பெண்கள் தேவை என்று எவரும் கேட்கவில்லை. எனவே மருத்துவக் கல்லூரியின் கதவு திறந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தே பொறியியல் கல்லூரியின் கதவு திறந்தது.

லலிதாவும் முதலில் மருத்துவத்தை எண்ணிப் பார்த்தார். ஆனால் மருத்துவருக்கு இரவு பகல் என்ற வேறுபாடு கிடையாது. குழந்தையை விட்டு நெடுநேரம் பிரிந்திருக்கும் தொழில் வேண்டாம் என்று கருதினார். காலையில் சென்று மாலையில் திரும்பும் வேலை அவருக்குத் தேவைப்பட்டது. தந்தையும் சகோதரர்களும் பொறியாளர்களாக இருந்ததால் அத்துறை அவருக்குப் புதிதன்று. ஆகவே பொறியியலைத் தேர்ந்தார்.

கிண்டியில் சேர்க்கை

கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-இல் புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்தது. 1920-இல் கிண்டிக்கு இடம் பெயர்ந்தது. அங்கு மின்பொறியியல் படிப்பு 1930-இல் தொடங்கப்பட்டது. அதுவரை ஒரு பெண்ணும் அக்கல்லூரியில் படித்ததில்லை.

சுப்பா ராவ் தம் மகளைச் சேர்க்கும்படி கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோவிடம் கேட்டார். சாக்கோ அதற்கு ஆதரவாக இருந்தார். பின்னர் பொதுக்கல்வி இயக்குநர் ஆர். எம். ஸ்டாதமின் இசைவும் பெறப்பட்டது. 1940-இல் லலிதா நான்காண்டு மின்பொறியியல் படிப்பில் சேர்ந்தார்.

இச்சேர்க்கை பொது அறிவிப்பாலோ சட்டத்தாலோ நிகழவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விண்ணப்பித்தவரின் தந்தை அதே கல்லூரியின் பேராசிரியர். முதல்வரை நேரில் கண்டு பேசக்கூடியவர். அத்தகைய தந்தை இல்லாத பெண் ஒருத்தி அதே தகுதியுடன் விண்ணப்பித்திருந்தால் அந்த விண்ணப்பம் முதல்வரின் மேசை வரை சென்றிருக்குமா என்பது ஐயமே.

விடுதி வாழ்க்கை

நூற்றுக்கணக்கான மாணவர்களிடையே லலிதா ஒருவரே பெண். உடன் படித்தவர்கள் அவரிடம் மரியாதையுடன் பழகினர். அவருக்குத் தனியாக விடுதி வசதி செய்து தரப்பட்டது. குழந்தை சியாமளா அருகில் இருந்த உறவினர் வீட்டில் வளர்ந்தார். வார இறுதியில் லலிதா சென்று மகளைப் பார்த்துவருவார்.

வகுப்பில் பெரிய தொல்லை இல்லாதபோதும், விடுதியில் தனிமை வாட்டியது. இதை உணர்ந்த தந்தை, கிண்டியில் பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யக் கல்லூரியை இணங்கச் செய்தார். அதன் பயனாகக் கேரளப் பகுதியைச் சேர்ந்த லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா ஆகிய இருவர் கட்டடப் பொறியியலில் சேர்ந்தனர். இவர்கள் லலிதாவுக்கு ஓராண்டு இளையவர்கள்.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்காலத் தேவைக்காகப் பொறியியல் படிப்பின் காலம் சுருக்கப்பட்டது. இதனால் ஓராண்டு பின்னர் சேர்ந்த இருவரும் லலிதாவுடன் சேர்ந்தே படிப்பை முடித்தனர். பட்டச் சான்றிதழ்கள் ஆண்களுக்கென்றே அச்சிடப்பட்டிருந்தன. அதில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கையால் அடித்துவிட்டு, 'அவள்' என்று பொருள்படும் சொல்லை எழுதித் தந்தனர்.

ஜமால்பூர், சிம்லா, சென்னை

பட்டத்திற்குரிய செய்முறைப் பயிற்சிக்காக லலிதா பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். 1862-இல் தொடங்கப்பட்ட அப்பணிமனை நாட்டின் பழைய இரயில்வே பணிமனைகளுள் ஒன்று.

அடுத்து சிம்லாவில் இந்திய மத்திய தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கு அவருடைய சகோதரர் குடும்பம் இருந்தது. மகளைத் தம்முடன் வைத்துக்கொள்ள இது வசதியாக இருந்தது. இக்காலத்தில் இலண்டனிலுள்ள மின்பொறியாளர் கழகத்தின் பட்டதாரித் தேர்வையும் எழுதினார்.

1946 டிசம்பரில் அவ்வேலையை விட்டுவிட்டுச் சென்னை திரும்பி, தந்தையின் ஆய்வுகளில் துணைநின்றார். சுப்பா ராவ் மின்சார இசைக்கருவி ஒன்று, புகையில்லா அடுப்பு, மின்சுடர் உண்டாக்கும் கருவி போன்றவற்றை உருவாக்கிக் காப்புரிமை பெற்றவர். ஆய்வுப்பணி லலிதாவுக்குப் பிடித்திருந்தாலும், மகளை வளர்க்க நிலையான வருமானம் தேவைப்பட்டது. எனவே ஒன்பது மாதங்களுக்குப் பின் வேறு வேலை தேடினார்.

கல்கத்தாவில் மின்பொறியாளர்

1948-இல் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இன்டஸ்ட்ரீஸ் என்ற பிரித்தானிய நிறுவனத்தின் கல்கத்தா அலுவலகத்தில் சேர்ந்தார். அந்நகரத்திலும் ஒரு சகோதரர் குடும்பம் இருந்தது. பகலில் லலிதா அலுவலகத்தில் இருக்கும்போது சகோதரரின் மனைவி சியாமளாவைக் கவனித்துக்கொண்டார்.

லலிதாவின் பணி மூன்று பகுதிகளைக் கொண்டது. மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் அவற்றைச் சுருக்கமாகக் காணலாம்.

முதலாவது, மின்செலுத்துத் தடங்களின் வடிவமைப்பு. மின்நிலையத்தில் உண்டாகும் மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல, அதன் அழுத்தத்தை மிக உயர்த்தி அனுப்பவேண்டும். அழுத்தம் உயர்ந்தால் மின்னோட்டம் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றலும் குறையும். கோபுரங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு விடலாம், வெயிலில் கம்பி எவ்வளவு தொய்யும், காற்றில் எவ்வளவு ஆடும், தரைக்கும் கம்பிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றையெல்லாம் கணக்கிட்ட பிறகே தடம் அமைக்கமுடியும்.

இரண்டாவது, துணைமின் நிலையங்களின் அமைப்பு. உயர் அழுத்த மின்சாரத்தைக் குறைத்து நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் பிரித்துத் தருவது துணைமின் நிலையம். மின்மாற்றி, இணைப்புமாற்றி, மின்கடத்துத் தண்டுகள் ஆகியவற்றை எங்கெங்கே வைத்தால் பழுதுபார்ப்பவருக்கு ஆபத்து இல்லாமல் இருக்கும் என்பதைத் தாளில் வரைந்தே முடிவுசெய்வர்.

மூன்றாவது, பாதுகாப்புக் கருவிகள். தடத்தில் கம்பி அறுந்தாலோ மரம் விழுந்தாலோ, பழுதான பகுதியை மட்டும் நொடிப்பொழுதில் துண்டித்து, எஞ்சிய பகுதிக்கு மின்சாரம் தடைபடாமல் காப்பது இவற்றின் வேலை.

விடுதலை பெற்ற இந்தியாவின் பெருந்திட்டங்களுள் ஒன்றான, சட்லஜ் ஆற்றிலுள்ள பாக்ரா நங்கல் அணைக்கட்டின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் லலிதா பங்கேற்றார். பின்னர் ஒப்பந்தப் பொறியாளர் ஆனார். கருவிகளை வாங்குவோரின் தேவைக்கும் இங்கிலாந்தில் அவற்றைச் செய்வோரின் வடிவமைப்புக்கும் இடையே பாலமாக இருப்பது அப்பணி. அந்நிறுவனம் பின்னர் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியுடன் இணைந்தது. லலிதா 1977-இல் ஓய்வு பெற்றார்.

உலக அரங்கில்

இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1953-இல் லலிதாவை இணை உறுப்பினராகவும் 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது.

1964 ஜூனில் பெண் பொறியாளர்கள், அறிவியலாளர்களின் முதல் பன்னாட்டு மாநாடு நியூயார்க்கில் நடைபெற்றது. அன்று இந்தியாவில் பெண் பொறியாளர்களுக்கென அமைப்பு எதுவும் இல்லை. எனவே லலிதா தனிப்பட்ட முறையிலேயே அதில் கலந்துகொண்டார். நாடு திரும்பியதும் இதழ்கள் அவரைப் பேட்டி கண்டன. 1965-இல் இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் முழு உறுப்பினர் ஆனார். இரண்டாவது மாநாடு 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்தபோது, இந்தியப் பெண் பொறியாளர்கள் அதில் பங்கேற்க ஊக்கம் அளித்தார்.

லலிதா மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1979 அக்டோபர் 12 அன்று, அறுபதாவது வயதில், மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பால் காலமானார்.

உடன் படித்த இருவர்

பி. கே. திரேசியா கொச்சி அரசின் பொதுப்பணித் துறையில் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்தியாவில் அப்பதவியை அடைந்த முதல் பெண் அவரே. லீலாம்மா ஜார்ஜ் திருவிதாங்கூர் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார். ஒரே நேரத்தில் படிப்பை முடித்த மூவரில் இருவர் அரசுப் பணிக்கும் ஒருவர் தனியார் நிறுவனத்துக்கும் சென்றனர். பொறியியலில் பெண்கள் எங்கு பணியாற்றலாம் என்ற கேள்விக்கு அம்மூவருமே விடையாக அமைந்தனர்.

பின்வந்த தமிழ்நாட்டுப் பெண் பொறியாளர்கள்

பிற்காலத்தில் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்தும் பெண்கள் இத்துறைக்கு வந்தனர். அரியலூரைச் சேர்ந்த ந. வளர்மதி கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். 2012 ஏப்ரலில் ஏவப்பட்ட ரிசாட்-1 செயற்கைக்கோளின் திட்ட இயக்குநராக இருந்தார். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் படித்தவர். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 சூரிய ஆய்வுத் திட்டத்தின் இயக்குநர் அவர். 2019-இல் ஏவப்பட்ட சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநரான மு. வனிதா, லலிதா படித்த அதே கிண்டிக் கல்லூரியில் பயின்றவர்.

இம்மூவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. மூவரும் படித்தவை அரசுசார்ந்த பொறியியல் கல்லூரிகள். கல்லூரிகள் சென்னைக்கு வெளியே கோவைக்கும் திருநெல்வேலிக்கும் பரவியதால், சிற்றூர் மாணவிக்கும் அவை எட்டும் தொலைவில் வந்தன.

இராமநாதபுரம் கடற்கரையில்

இராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியிலும், பின் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் படித்தார். சென்னை குரோம்பேட்டை தொழில்நுட்ப நிறுவனத்தில் இடம் கிடைத்தபோது கட்டவேண்டிய பணம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். அவருடைய அக்காள் ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து அதைத் தந்தார். கலாமே தம் வாழ்க்கை வரலாற்றில் இதைக் கூறியுள்ளார். அக்கடற்கரையில் அக்காலப் பெண் பொறியியலுக்குத் தரமுடிந்தது நகை. தாமே அங்கு சென்று படிக்கும் வழி அவருக்கு இல்லை. கலாம் பெயரில் தமிழ்நாடு அரசு நிறுவிய விருது 2015-இல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்றவர் மேலே கூறிய வளர்மதி.

இப்பகுதியில் பொறியியல் கல்வியின் வரலாறு 1952-இல் தொடங்குகிறது. அவ்வாண்டில்தான் காரைக்குடியில் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி தோன்றியது. அன்று காரைக்குடி இராமநாதபுரம் மாவட்டத்தின் பகுதி. 1985-இல் மாவட்டம் பிரிக்கப்பட்ட பின்னரே அது வேறு மாவட்டத்துக்குச் சென்றது. 1984-இல் கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரியும், 1998-இல் இராமநாதபுரத்தில் செய்யது அம்மாள் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. இராமநாதபுரத்தை அடுத்த புல்லங்குடியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இயங்குகிறது. இராமேசுவரம் தீவிலிருந்து ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இன்று பொறியியல் படிக்கமுடியும்.

எனினும் மாவட்டம் வளமானதன்று. நிதி ஆயோக் 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டில் தேர்வான இரு மாவட்டங்களுள் இராமநாதபுரம் ஒன்று, மற்றொன்று விருதுநகர். கடற்கரைச் சிற்றூர்களில் ஆண்கள் கடலுக்குச் செல்ல, பெண்கள் மீன் விற்றும், கருவாடு காயவைத்தும், மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்தும் குடும்பம் நடத்துகின்றனர். மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் நின்றுபோகும். கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதமும் அதற்கு அடுத்தே வருகிறது.

கடற்கரைக்குப் பொறியாளர் ஏன் தேவை?

இக்கடற்கரை பொறியியலுக்கு ஒரு திறந்தவெளிப் பாடநூல் எனலாம். 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம், 1964 டிசம்பர் புயலில் சிதைந்து, 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பலவீனமடைந்ததால் 2022 டிசம்பரில் அதில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி, கப்பல்கள் செல்வதற்காகச் செங்குத்தாக உயரும்.

மண்டபம் பகுதியின் காற்று இரும்பை அரிக்கும் வேகம் மிக அதிகம். இதை ஆராய்வதற்கென்றே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் ஓர் ஆய்வு நிலையம் வைத்துள்ளது. மின்துறையிலும் இதே இடர் உண்டு. கம்பியைக் கோபுரத்திலிருந்து பிரித்துவைக்கும் பீங்கான் காப்பான்களின் மேல் உப்பு படிகிறது. பனியிலோ தூறலிலோ அது நனைந்தால் மின்சாரம் காப்பானின் மேற்பரப்பு வழியே பாய்ந்து, தடம் அறுபடும். எனவே கடலோரத்தில் காப்பான்களின் வளைவுகளைப் பெருக்கி, மேற்பரப்பின் நீளத்தைக் கூட்டி வடிவமைக்கவேண்டும். அவ்வப்போது கழுவவும் வேண்டும். கல்கத்தாவில் லலிதா வரைபடத்தில் தீர்த்துவந்த சிக்கல்களின் வகையைச் சேர்ந்ததே இதுவும்.

2016-இல் கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. மழை குறைந்த, வெயில் மிகுந்த மாவட்டம் என்பது விவசாயத்துக்குக் குறையாக இருந்தாலும் மின்னாக்கத்துக்கு நிறையாயிற்று. பாலம், குடிநீர், மின்சாரம், துறைமுகம் என இங்குள்ள ஒவ்வொன்றிலும் கடலை அறிந்த பொறியாளருக்கு வேலை இருக்கிறது. உப்புநீர் குடங்களைச் சுமந்து வளர்ந்த பெண்ணுக்குக் குடிநீர்த் திட்டத்தின் அருமையை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

இன்றைய பாதையின் படிகள்

பாடப்பிரிவு: பத்தாம் வகுப்புக்குப் பின் எடுக்கும் முடிவே முதன்மையானது. பொறியியலின் பெரும்பாலான பிரிவுகளுக்குப் பதினோராம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும் உள்ள பிரிவில் சேர்ந்திருக்கவேண்டும். 'கணக்கு கடினம்' என்று வீட்டார் சொல்லி வேறு பிரிவில் சேர்க்கும் மாணவிக்கு, அவள் அறியாமலேயே இந்தப் பாதை பதினைந்து வயதில் அடைபடுகிறது.

சேர்க்கை: தமிழ்நாட்டில் நுழைவுத்தேர்வு 2007-08 முதல் நீக்கப்பட்டது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்ணைக் கொண்டு தரவரிசை வகுத்து, இணையவழிக் கலந்தாய்வில் இடம் ஒதுக்குகின்றனர். சாக்கோவையும் ஸ்டாதமையும் நேரில் கண்டு இசைவு பெறவேண்டிய நிலை இன்று இல்லை.

பட்டயப் படிப்பு: பத்தாம் வகுப்பு முடித்து மூன்றாண்டு பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேரலாம். மதுரையில் மகளிருக்கென அரசு பல்தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. பட்டயம் பெற்றவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். விரைவில் சம்பாதிக்கவேண்டிய குடும்பத்து மாணவிக்கு இது ஏற்ற வழி.

கட்டணம்: ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை தெரிவுசெய்யப்படும் மாணவிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது.

மொழி: தமிழ்வழியில் படித்தோர் முதலாண்டில் ஆங்கிலத்தால் தடுமாறுவது இயல்பு. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. ஆங்கிலவழியில் சேர்வோர், பாடக்கருத்தைத் தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டு, கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் மனத்தில் இருத்திக்கொள்வது பயன் தரும்.

வேலை: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணித் தேர்வு, ஒன்றிய அரசின் பொறியியல் பணித் தேர்வு, கேட் தேர்வு ஆகியவை முதன்மையான வழிகள். தமிழ்நாடு அரசுப் பணிகளில் பெண்களுக்கு 1989-இல் 30 விழுக்காடு இடஒதுக்கீடு அளிக்கப்பட்டது.

குழந்தை வளர்ப்பு: 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார ஊதிய விடுப்பையும், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. தமிழ்நாடு அரசு நடத்தும் தோழி விடுதிகள் பணிபுரியும் பெண்களுக்குப் பல நகரங்களில் தங்குமிடம் அளிக்கின்றன.

லலிதாவின் வாழ்வு காட்டுவது

லலிதாவின் திறமையும் மனவுறுதியும் ஐயத்துக்கு இடமற்றவை. ஆனால் அவை மட்டும் போதவில்லை. சேர்க்கைக்குத் தந்தை இருந்தார். விடுதியில் இருக்கும்போது குழந்தையைப் பார்க்க உறவினர் இருந்தனர். சிம்லாவிலும் கல்கத்தாவிலும் சகோதரர்களின் வீடுகள் இருந்தன. அவர் வேலைபார்த்த ஊர்களை வரிசைப்படுத்தினால், உறவினர் இருந்த ஊர்களிலேயே அவர் பெரும்பாலும் பணியாற்றியது தெரியும். சகோதரரின் மனைவி பகலெல்லாம் குழந்தையைப் பார்த்துக்கொண்ட உழைப்பும் பாக்ரா நங்கல் மின்னாக்கியில் சேர்ந்தே இருக்கிறது.

மீனவர் வீட்டு மாணவிக்கோ பனைத்தொழிலாளி மகளுக்கோ பேராசிரியர் தந்தை இல்லை. பெருநகரங்களில் சகோதரர் வீடுகளும் இல்லை. லலிதாவுக்குக் குடும்பம் தந்த அதே துணைகளைத்தான் இன்று தரவரிசைப் பட்டியலும், கட்டண உதவியும், விடுதியும், காப்பகமும் தருகின்றன. ஆகவே அவற்றைச் சலுகை என்று எண்ணி மாணவியர் தயங்கவேண்டியதில்லை. முதல் பெண் பொறியாளரும் துணையோடுதான் படித்தார். இத்திட்டங்களைப் பற்றிய செய்தி, பத்தாம் வகுப்பு முடிவதற்கு முன்பே மாணவிக்கும் அவள் பெற்றோருக்கும் சென்று சேரவேண்டும். பள்ளி ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது மிகுதி.